ஸ்கூப் என்பது அளவல்ல, தம்பி

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதிக் கொடுத்த டயட் சார்ட் ஒன்று போன வாரம் என் கைக்கு வந்தது. நாலு பக்கம், நாலாக மடித்தது, மடிப்பில் எண்ணெய்க் கறை. திண்டுக்கல் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கிற பையன், எடை 62 கிலோ. சார்ட்டுக்கு உன்னிடம் பணம் கட்டிவிட்டு, இரும்பு தூக்க என் ஜிம்முக்கு வருகிறான். அதில் எனக்கு வருத்தமில்லை, நீயும் அங்கேதான் பென்ச் துடைத்து வளர்ந்தவன். கடைசி வரியில் விரலை வைத்து, “மாஸ்டர், இது மட்டும் புரியல” என்றான். ‘இரவு 10.30: மைசெல்லர் கேசீன் 1 ஸ்கூப், படுக்கும் முன்.’

“பத்தரைக்கு நான் மில்லு பஸ்ஸுல இருப்பேனே மாஸ்டர்?”

அந்த வாரம் அவனுக்கு மூணாம் ஷிப்ட். காலையில் ஏழு மணிக்கு வெளியே வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்க எட்டரை ஆகும். நீ சொன்னபடி பஸ்ஸுக்கு முன்னால் கேசீனைக் குடித்துவிட்டு, ராத்திரி முழுக்க ஸ்பின்னிங் பிரேமுக்கு நடுவே நடந்திருக்கிறான். பணம் வாங்குவதற்கு முன், “எப்ப தூங்குவ?” என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

பால் புரதமான கேசீன் வயிற்றில் தயிர் மாதிரி கட்டியாகி மெல்லக் கரையும், அதே பாலின் வே புரோட்டீன் தண்ணீர் மாதிரி ஓடிவிடும் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1997-இல் பிரான்சில் செய்த ஆய்விலிருந்து எல்லாம் படித்திருப்பாய். எனக்கு எரிச்சல் அந்த ‘1 ஸ்கூப்’பில்.

ஸ்கூப் என்பது ஓர் அளவா? டப்பாவுக்கு டப்பா அந்தக் கரண்டி மாறும். இந்தப் பையனிடம் டப்பாவே கிடையாது. கூட வேலை செய்கிறவன் பாதி பிரித்துக் கொடுத்த பவுடரை ஊறுகாய் பாட்டிலில் வைத்திருக்கிறான், அள்ளுவது வீட்டுக் குழிக்கரண்டி. கொண்டுவரச் சொல்லி என் தராசில் போட்டுப் பார்த்தேன். தலைதட்டினால் 21 கிராம், குவித்தால் 34. மாத்திரையை இப்படி ‘ஒரு பிடி’ என்று எழுதிக் கொடுக்கிற டாக்டரிடம் நீ போவாயா? அரிசிக்குக்கூட உழக்கு, படி என்று வைத்திருந்த ஊர் இது. கிராமில் எழுது. பவுடர் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம், இரண்டையும் எழுது.

அளவு என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். 2012-இல் நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட்டில் 16 இளைஞர்களை ராத்திரி எட்டு மணிக்குப் பயிற்சி செய்யவைத்து, படுக்கும் முன் கொடுத்தது 40 கிராம் கேசீன். இரவில் தசைப் புரதம் உருவாவது சுமார் 22 சதவீதம் கூடியது. எல்லாரும் மேற்கோள் காட்டுகிற ஆய்வு அதுதான். 40 கிராம் கேசீன் வேண்டுமென்றால் ஒன்றரை லிட்டர் பசும்பால் குடிக்க வேண்டும். உன் ஒரு ஸ்கூப், தலைதட்டினால், அந்த 40 கிராமில் பாதியைக்கூடத் தொடாது. 2015-இல் அதே குழு 44 பேரை 12 வாரம் வைத்துப் பார்த்தது. ராத்திரி புரதம் குடித்தவர்களுக்குத் தசையும் பலமும் கூடுதலாக ஏறின, உண்மை. ஆனால் மற்ற கூட்டத்துக்குக் கொடுத்தது வெறும் சத்தில்லாத பானம். ஒரு பக்கம் நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.9 கிராம் புரதம், மறுபக்கம் 1.3. ஜெயித்தது ராத்திரியா, கூடுதல் புரதமா? 2023-இல் கேசீனையும் வேயையும் 45 கிராம் வீதம் படுக்கும் முன் கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்டம், சைக்கிள் மாதிரி பயிற்சிக்குப் பிறகுதான், எடை தூக்கிய பிறகு அல்ல. இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மெல்லக் கரைவது கெட்டதல்ல, ஆனால் நீ நினைக்கிற மந்திரமும் அல்ல.

உன் சார்ட்டில் மிச்ச வேளைகளைக் கூட்டினேன். காலையில் நாலு இட்லி, இரண்டு முட்டை. மதியம் சோறு, சாம்பார், பொரியல். ராத்திரி மூணு தோசை. புரதம் 60 கிராமைத் தாண்டவில்லை. 62 கிலோ பையனுக்குக் கிலோவுக்கு 1.6 வைத்தால் 99 கிராம் வேண்டும். நாள் முழுக்கப் பட்டினி போட்டுவிட்டு வாசலில் மட்டும் தோரணம் கட்டியிருக்கிறாய். கேசீனுக்குப் போகிற காசில் ஒரு பங்கைப் பால் பவுடரில் போடச் சொல்லியிருக்கலாம். கால் லிட்டர் பாலில் 40 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்தால் 22 கிராம் புரதம், அதில் ஐந்தில் நாலு பங்கு உன் கேசீனேதான். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு ஊதினால், துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர். ராத்திரி தயிர் ஆகாது என்று அவன் அம்மா சண்டைக்கு வருவார், அது உன் பாடு.

1987-இல் எனக்கு இருபத்திரண்டு வயது, ஜில்லா ஆணழகன் போட்டி. எங்கள் வாத்தியார் பழைய புத்தகக் கடையில் எடை போட்டு வாங்கிய அமெரிக்கப் பத்திரிகைகளை வைத்திருந்தார். 1965-இல் முதல் மிஸ்டர் ஒலிம்பியா ஆன லாரி ஸ்காட், ரியோ பிளேர் என்பவர் தயாரித்த புரதப் பவுடரைச் சாப்பிட்டார் என்று அதில்தான் தெரிந்துகொண்டோம். பால் புரதமும் முட்டைப் புரதமும் கலந்தது. ஆக, 1965-லும் சங்கதி பாலும் முட்டையும்தான். தூங்கும்போது தசை தேய்ந்துவிடும், நடுராத்திரியில் எழுந்து தீனி போட வேண்டும் என்று யாரோ சொல்ல, சாவி கொடுக்கிற அலாரக் கடிகாரத்தை ரெண்டு மணிக்கு வைத்தேன். பித்தளைச் செம்பில் பால், நாலு பச்சை முட்டை. அலாரம் அடித்தால் வீடே எழும்பும். பால் சொசைட்டிக்கு நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய அப்பா, மூணாவது வாரம் கடிகாரத்தைக் கிணற்றில் போட்டுவிட்டார். அதற்குள் எனக்குக் கண் குழி விழுந்து, வழக்கமாகப் பத்து எடுக்கிற ஸ்குவாட்டில் ஆறுக்கே முழங்கால் ஆடியது. மேடையில் ஆறு பேர், நான் ஐந்தாவது. ஆறாவது ஆளுக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

அதனால்தான் தூக்கத்தில் யாராவது கை வைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 2021-இல் ஆஸ்திரேலியாவில் 13 பேரை ஒரே ஓர் இரவு கண்விழிக்கவைத்துப் பார்த்ததில், தசைப் புரதம் உருவாவது 18 சதவீதம் குறைந்தது. நம் பையன் ஷிப்ட் மாறுகிற வாரமெல்லாம் அந்த இரவைக் கடக்கிறான். உன் நாலு பக்கத்தில் ‘தூக்கம்’ என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, போனை அணைத்து அடுத்த அறையில் வை, ராத்திரி ஷிப்டின் பின்பாதியில் டீ வேண்டாம். இதை எழுத எத்தனை வரி பிடிக்கும்?

திட்டிக்கொண்டே மூணாம் பக்கம் திருப்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ‘புரட்டாசி’ என்று தலைப்பிட்டு ஒரு முழுப் பக்கம்! முட்டையும் கறியும் நிற்கிற மாதத்தில் 50 கிராம் மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, எந்த வேளைக்கு எந்தக் குழம்பில் போடுவது, சுண்டல் எத்தனை கிராம், பனீர் எத்தனை கிராம், செவ்வாய் வெள்ளிக்கு என்ன என்று கட்டம் போட்டிருக்கிறாய். அந்தப் பக்கத்தில் ஒரு ஸ்கூப் கிடையாது, எல்லாம் கிராம். முப்பது வருஷமாக ஜிம் நடத்துகிறேன். புரட்டாசியில் பையன்கள் இளைத்து நின்றால் ‘சாமி கும்பிட்டது போதும்டா’ என்று கத்தியதைத் தவிர நான் எதுவும் செய்ததில்லை. இது என் வாத்தியாருக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நகல் எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டேன், உன் பேரோடு.

அந்தக் கை எழுதிய கடைசி வரியா அது என்றுதான் கோபம்.

இந்த வாரம் அவனுக்குப் பகல் ஷிப்ட். அடுத்த திங்கள் மறுபடி ராத்திரி. அதற்குள் சார்ட்டைத் திருத்தி அனுப்பு. மறுபடி பணம் கேட்காதே.

இப்படிக்கு,
உன் பழைய மாஸ்டர்