கடன் கொடுத்தவர் எங்கே நிற்க வேண்டும்?

வேதாகமத்தில் கடனைப் பற்றிப் பேசும் பகுதிகளை நாம் வழமையாக வேகமாகக் கடந்து விடுகிறோம். அவை பழைய காலச் சட்டங்கள், எமது ஞாயிறு ஆராதனையோடு தொடர்பற்றவை என்ற எண்ணம் எம்மிடம் உண்டு. கிழமை தவறாமல் தவணை கட்டும் ஒரு வீட்டில் இருந்து வாசித்தால் அவை வேறு விதமாகக் கேட்கும்.

உபாகமம் 24 ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது என்கிறது 6 ஆம் வசனம். அடிக்கல்லும் கூடாது, மேற்கல்லும் கூடாது. திரிகை எமது வீடுகளிலும் இருந்த பொருள்தானே; ஒரு கல் போனால் மற்றதால் பயனில்லை, அன்றைக்கு மாவும் இல்லை. இன்றைய திரிகை எது? தோட்டம் செய்பவருக்கு நீர் இறைக்கும் பம்ப், தைத்துப் பிழைக்கும் பெண்ணுக்குத் தையல் மெசின், கடற்றொழிலாளிக்கு வலையும் என்ஜினும். மாதாந்த உதவிப் பணம் வந்து சேரும் வங்கி அட்டையை இரகசிய இலக்கத்தோடு வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுப்பவர்களும் உளர். அதுவும் திரிகைக் கல்தான் என்பது எமது கருத்து.

10, 11 ஆம் வசனங்கள் இன்னும் நுணுக்கமானவை. அடகு வாங்க வருபவன் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அவன் வெளியே நிற்க, வீட்டுக்காரனே அடகை எடுத்து வர வேண்டும். சட்டம் இங்கே கடனையும் தடுக்கவில்லை, அடகையும் தடுக்கவில்லை. கடன்பட்டவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு, அதைத் தாண்டப் பணத்துக்கு உரிமை இல்லை என்கிறது. தவணை கட்ட முடியாத நாளில், காசு கிடைக்கும்வரை எழும்பமாட்டேன் என்று விறாந்தையில் பொழுதுபடும்வரை இருப்பவரைக் கண்ட பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குழுக் கடனில் நிலைமை இன்னும் கடினம். அயலவரே ஒருவருக்கொருவர் பிணை நிற்பதால், வாசலில் வந்து நிற்பவர் சில வேளைகளில் பக்கத்து வீட்டு அக்காவாகவே இருக்கிறார்.

நெகேமியா 5 ஆம் அதிகாரத்தில் கி.மு. 5 ஆம் நூற்றாண்டின் எருசலேமைக் காண்கிறோம். மதில் எழுந்துகொண்டிருக்கும் வேளையில் மக்கள் முறையிடுகிறார்கள். பெண்களும் சேர்ந்தே முறையிட்டார்கள் என்று முதல் வசனமே குறிப்பிடுகிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் ஈடு வைத்தோம், அரச வரி கட்டக் கடன்பட்டோம், பிள்ளைகள் அடிமையாகிறார்கள் என்பது அவர்கள் குறை. கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்லர், சொந்தச் சகோதரர். தானும் தன் வீட்டாரும்கூடக் கடன் கொடுத்திருப்பதை நெகேமியா சபை நடுவிலேயே சொல்கிறார். 11 ஆம் வசனம் நூற்றில் ஒரு பங்கு வட்டியைப் பற்றிப் பேசுகிறது. மாதத்துக்கு ஒரு வீதம் என்று கொண்டால் ஆண்டுக்கு 12 வீதம். அதைத்தான் விட்டுவிடச் சொன்னார்.

எமது கணக்கையும் பார்ப்போம். 50,000 ரூபா கடனுக்குக் கிழமைக்கு 1,200 ரூபா வீதம் 52 கிழமை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 62,400 ரூபா. மேலதிகம் 12,400 என்பதால் வட்டி 25 வீதத்திலும் குறைவு போலத் தெரியும். ஆனால் முதற்கிழமையிலிருந்தே முதலும் குறைந்து வருகிறது. முழு 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் எம் கையில் இருப்பதில்லை. மீதியாக உள்ள முதலுக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 45 வீதத்தைத் தாண்டும். பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் 2021 மார்ச்சில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தது இத்தகைய நுண்கடன்களுக்கு எதிராகவே.

வேறு வழி எமக்குப் புதியதல்ல. 1911 இலேயே கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் இலங்கையில் வந்துவிட்டது. அதன் முன்மாதிரி, கடும் வட்டியில் சிக்கிய விவசாயிகளுக்காக 19 ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரைஃபைசன் ஆரம்பித்த கிராமச் சங்கங்கள். அயலவரின் கடனைத் தம் விசுவாசத்தின் கடமையாக அவர் கண்டார். பங்குகளில் இயங்கும் சிக்கனக் குழுக்கள் இந்த வழியில் வந்தவையே. சிறு தொகைதான், வட்டியும் குழுவுக்கே திரும்புகிறது. ஆயினும் எமது குழுவிலும் தவணை பிந்தியவரின் பெயரை எல்லோர் முன்னும் வாசிக்கும் வழக்கம் இருந்தால், உபாகமம் 24 எம்மையும் பார்த்தே பேசுகிறது.

இப்பகுதிகளைக் கூட்டத்தில் படிக்கும்போது, தன் கடன் எவ்வளவு என்று சொல்லும்படி எவரையும் கேட்க வேண்டாம். விரும்புவோர் தமது தவணைப் புத்தகத்தைக் கொண்டுவரட்டும். கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளை தனியே அருகில் இருந்து கூட்டிக் காட்டினால் போதும்.