தரவு இணைப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தரவை வரைபடங்களாகக் காட்டும் கிராஃபனா போன்ற ஒரு பிளாட்ஃபார்மில் தரவுமூலம் ஒன்றைச் சேர்ப்பது சில நிமிட வேலைதான். சர்வர் முகவரி, போர்ட் எண், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை நிரப்பிச் சோதனைப் பொத்தானை அழுத்தினால் பச்சை நிறத்தில் செய்தி வந்துவிடும். கொடுத்த கணக்கால் உள்ளே போக முடிகிறது என்பதற்கு மேல் அந்தச் செய்தி எதையும் சொல்வதில்லை. உள்ளே போன கணக்கு என்னென்ன செய்யலாம், வழியில் யார் ஒட்டுக்கேட்கலாம், கடவுச்சொல் எங்கெங்கே கிடக்கிறது என்பவை தனிக் கேள்விகள். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைக் கிராஃபனாவுடன் இணைப்போரிடையே இவற்றைப் பற்றிச் சில தவறான நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன.

நம்பிக்கை: வரைபடம் காட்டத்தானே இணைப்பு, எந்தக் கணக்கைக் கொடுத்தால் என்ன?

உண்மை: தன்னிடம் வரும் வினவல் தீங்கற்றதா என்று கிராஃபனா பார்ப்பதில்லை. வந்ததை அப்படியே தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடுகிறது. அட்டவணையை அழிக்கச் சொல்லும் கட்டளையும் அப்படியே போய்ச் சேரும். அதைத் தடுப்பது கணக்கின் உரிமை வரம்பு மட்டுமே. சூப்பர்யூசர் கணக்கைக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: போஸ்ட்கிரஸ் 9.3 முதல், ‘காப்பி’ கட்டளையின் வழியே சர்வரின் இயங்குதளத்தில் புரோகிராம்களையே ஓட்ட அந்தக் கணக்கால் முடியும்.

ஆகவே இணைப்புக்கென்று தனிக் கணக்கு வேண்டும். தேவையான அட்டவணைகளைப் படிக்கும் ‘செலக்ட்’ உரிமை மட்டும் அதற்குப் போதும். இதிலும் கவனிக்கப்படாத ஓர் இடம் உண்டு. போஸ்ட்கிரஸ் 14 வரை, ‘பப்ளிக்’ ஸ்கீமாவில் புதிய அட்டவணை உருவாக்கும் உரிமை எல்லாக் கணக்குகளுக்கும் இயல்பாகவே இருந்தது. 2022-இல் வெளியான 15-ஆம் பதிப்பு அதை நீக்கியது. ஆனால் பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய தரவுத்தளங்களில் பழைய உரிமை அப்படியே தொடரும். நிர்வாகிதான் அதைத் தாமே நீக்க வேண்டும். படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கும் ஒரு கனமான வினவலால் தரவுத்தளத்தைத் திணறடிக்கலாம். வினவலுக்கான கால வரம்பு இயல்பில் அணைந்தே இருப்பதால், அந்தக் கணக்குக்கு மட்டுமாவது வரம்பு விதிப்பது அவசியம்.

நம்பிக்கை: கிராஃபனாவில் ‘வியூவர்’ உரிமை பெற்றவரால் பார்க்க மட்டுமே முடியும்.

உண்மை: அவரால் டேஷ்போர்டை மாற்றிச் சேமிக்க முடியாது, அவ்வளவுதான். இயல்பான அமைப்பில், தம் நிறுவனக் கணக்கில் உள்ள தரவுமூலங்களுக்கு எந்த வினவலையும் வியூவரும் அனுப்பலாம். டேஷ்போர்டு திறந்திருக்கும்போது உலாவி சர்வருக்கு அனுப்பும் கோரிக்கையில் வினவலைத் திருத்தி எழுதினால் போதும். விற்பனை வரைபடத்தைப் பார்க்க வந்தவர், அதே கணக்கு படிக்கக்கூடிய சம்பள அட்டவணையையும் படித்துவிடலாம். வரைபடத்தில் ஒரு நெடுவரிசையைக் காட்டாமல் விடுவது அதை மறைப்பதாகாது. மறைக்க வேண்டியதை இணைப்புக் கணக்கின் கண்ணுக்கே எட்டாமல் தரவுத்தளத்தில் மறைக்க வேண்டும்.

நம்பிக்கை: இணைப்புக்கு எஸ்எஸ்எல் குறியாக்கம் போட்டாகிவிட்டது, இனிக் கவலையில்லை.

உண்மை: எந்த நிலையில் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. போஸ்ட்கிரஸின் லிப்பிக்யூ நூலகத்தில் இயல்பு நிலை ‘பிரிஃபர்’. குறியாக்கம் கிடைத்தால் பயன்படுத்தும். கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் குறியாக்கமின்றியே பேசும். ‘ரிக்வயர்’ குறியாக்கத்தைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் நம்பத்தக்க மூலச் சான்றிதழ் கொடுக்கப்படாதபோது, எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று அது விசாரிப்பதில்லை. நடுவில் புகுந்த ஒருவர் தன் சான்றிதழை நீட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். பூட்டிய பெட்டியை வாங்குபவர் முகம் பாராமல் கொடுப்பது போலத்தான். சான்றிதழையும் அதிலுள்ள சர்வர் பெயரையும் சேர்த்துச் சரிபார்ப்பது ‘வெரிஃபை-ஃபுல்’ நிலை ஒன்றே. சான்றிதழ்ப் பிழை வருகிறது என்று சரிபார்ப்பையே அணைத்துவிடும் வழக்கம், பிழையை விடப் பெரிய தவறு.

நம்பிக்கை: கடவுச்சொல்லைக் கிராஃபனாவே குறியாக்கி வைக்கிறது.

உண்மை: வைக்கிறது. ஆனால் அதற்கான ரகசியத் திறவுகோல் அமைப்புக் கோப்பில் உள்ளது. கிராஃபனாவோடு வரும் இயல்புத் திறவுகோல் அதன் திறந்த மூலநிரலில் எவரும் படிக்கும்படி இருக்கிறது. கிராஃபனாவை நிறுவிய உடனே அந்தத் திறவுகோலை மாற்ற வேண்டும். பிறகு மாற்றினால், முன்பு சேமித்த கடவுச்சொற்களை மறுபடி குறியாக்க வேண்டியிருக்கும். இணைப்பு விவரங்களை யாமல் கோப்பில் எழுதி கிட் களஞ்சியத்தில் ஏற்றுவோர் கடவுச்சொல்லையும் அதிலேயே எழுதிவிடுவதுண்டு. பின்னர் அந்த வரியை அழித்தாலும் பழைய கமிட்டுகளில் அது நிலைத்திருக்கும். களஞ்சியம் தனிப்பட்டது என்பதும் காப்பல்ல. 2016-இல் ஊபரின் தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்தில் கிடைத்த அணுகல் திறவுகோலைக் கொண்டே 5.7 கோடிப் பேரின் விவரங்கள் எடுக்கப்பட்டன.

நம்பிக்கை: பிளாட்ஃபார்ம் பெரிய நிறுவனத்துடையது, பாதுகாப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உண்மை: 2024-இல் மேகத் தரவுச் சேவை நிறுவனமான ஸ்னோஃப்ளேக்கின் வாடிக்கையாளர்களிடமிருந்து தரவு திருடப்பட்டது. அந்தத் தாக்குதலை ஆராய்ந்த பாதுகாப்பு நிறுவனமான மாண்டியன்ட், பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டதாகத் தெரிவித்தது. ஸ்னோஃப்ளேக்கின் சொந்த அமைப்பு உடைக்கப்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களே களவு போயிருந்தன. சிக்கிய கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. எந்த முகவரியிலிருந்து நுழையலாம் என்ற வரம்பும் இல்லை. சில கடவுச்சொற்கள் களவு போய் ஆண்டுகள் கடந்த பின்னும் மாற்றப்படாமல், அன்றும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன.