முதலில் காது, அப்புறம் கண்

அணி இலக்கணம் என்றதும் பத்தாம் வகுப்பே கொட்டாவி விடுகிறது, சினிமாப் பாட்டு போட்டுக் காட்டலாமா அக்கா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் காட்டு. ஆனால் பாட்டைப் போட்டுவிட்டு, "இதில் உவமை வருது பாருங்க" என்று சொல்லி முடித்துவிடாதே. பிள்ளைகள் மனசில் பாட்டு நிற்கும், அணி நிற்காது.

திரையை அணைத்துவிட்டு ஒரே ஒரு சரணத்தை மட்டும் கேட்கவிடு. காதில் விழுந்ததைப் பிள்ளைகளே நோட்டில் எழுதட்டும். "இந்த வரியை நீ படம் பிடித்தால் எதைக் காட்டுவாய்?" என்று கேள். ஆளுக்கொன்று சொல்லி முடித்த பிறகு படத்தைப் போடு. வரி சொன்னதும் கேமரா காட்டியதும் எங்கே பிரிகிறதோ, அங்கே நிறுத்திப் பாடத்தைத் தொடங்கு. அணியின் பெயரைக் கடைசியாகச் சொன்னால் போதும்.

உவமையும் உருவகமும் குழம்புகிற பிள்ளைக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். ஒரு முகம், அடுத்த ஷாட்டில் நிலா. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, 'போல' என்று யாரும் சொல்லவில்லை. உவம உருபு மறைந்து வரும் எடுத்துக்காட்டு உவமைக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. முகமும் நிலாவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைந்து ஒரே உருவமானால் உருவகம். ஷாட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் கடைசி பெஞ்சும் வாயைத் திறக்கும்.

தற்குறிப்பேற்ற அணிக்குச் சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் அசைகின்றன, 'வராதீர்கள்' என்று கை காட்டுவது போல. இதைச் செல்போனில் படம் பிடிக்கச் சொல். கொடி அசைவதை மட்டும்தான் எடுக்க முடியும். 'வராதே' என்பது கொடியில் இல்லை, இளங்கோ தன் குறிப்பாக ஏற்றியது. எடுத்த காட்சியின்மேல் ஒரு குரலைச் சேர்த்தால்தான் அந்தப் பொருள் வரும் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

அந்தாதிக்கு நான் எப்போதும் எடுப்பது 'மூன்று முடிச்சு' (1976) படத்தில் வரும் 'வசந்த கால நதிகளிலே'. கண்ணதாசன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்தது. ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லை மட்டும் பிள்ளைகள் எழுதட்டும், அடுத்த அடி எதில் தொடங்குகிறது என்று அவர்களே பிடித்துவிடுவார்கள். பிறகு படம். ஓடத்தில் கமலும் ஸ்ரீதேவியும் பாட, ரஜினி துடுப்புப் போடுகிறார். கமல் தண்ணீரில் விழுகிறார், ரஜினி காப்பாற்றாமல் ஓடத்தைச் செலுத்திக்கொண்டு போகிறார். பாட்டை இப்போது அவரே தொடர்கிறார், விஸ்வநாதனின் குரலில். ஆள் மாறிவிட்டது, பொருள் காதலிலிருந்து சாவுக்குத் திரும்பிவிட்டது, ஆனால் அந்தாதிச் சங்கிலி அறுபடவே இல்லை. கடைசி அடி முதலடியின் சொற்களுக்கே வந்து சேர்கிறது. மண்டலித்தல் என்பதை அந்த இடத்தில் சொல். வடிவம் வெறும் அலங்காரம் இல்லை, கதையையே அது சுமக்கும் என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் பாட்டு அபூர்வம். வகுப்பில் யார் வீட்டிலாவது தண்ணீரில் உயிர் போயிருந்தால் படத்தைத் தொடவே தொடாதே, ஒலி மட்டும் போதும். முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்.

சிலேடைக்கு 'பலே பாண்டியா'வின் (1962) 'அத்திக்காய்' பாட்டு. 'காய்' எங்கே பெயர்ச்சொல், எங்கே நிலவிடம் சொல்லும் வினைச்சொல் என்று இரண்டு நிறத்தில் கோடு போடச் சொல். அரை மணி நேரம் போவதே தெரியாது.

பழைய இலக்கியம் புதுப் பாட்டுக்குள் வருவதைக் காட்ட, 'இருவர்' (1997) படத்தின் 'நறுமுகையே' இருக்கிறது. பாரியை இழந்த மகளிர் அழுது பாடிய புறநானூறு 112-இன் தொடக்கத்தை வைரமுத்து அதில் காதல் பாட்டாக மாற்றியிருக்கிறார். பாரியின் கதையைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுப் பார், வகுப்பில் ஒரு சண்டையே நடக்கும். நடக்கட்டும். 2010 கோவை செம்மொழி மாநாட்டுப் பாட்டு இன்னும் வசதி. கருணாநிதி வரிகள், ரகுமான் இசை, கௌதம் மேனன் எடுத்த காட்சிகள். எந்த வரி எந்த நூலிலிருந்து வந்தது என்று குழுவாகத் தேடட்டும்.

இனி, பீரியடு நடத்துவதற்கு. பள்ளி நெட்டை நம்பாதே, முந்தின நாளே பென் டிரைவில் ஏற்றிவிடு. முழு வீடியோவையும் வீட்டில் ஒரு தடவை கடைசி வரை பார். வரி அருமையாக இருக்கும், காட்சி பிள்ளைகளுக்கு ஆகாது. அப்படியென்றால் ஒலியோடு நிறுத்திக்கொள். தலைமையாசிரியரிடமும் பக்கத்து வகுப்பு டீச்சரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு. பாட்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதே, மீதி நேரம் பேச்சுக்கும் எழுத்துக்கும்.

அதே பீரியடில் பாடநூல் செய்யுளுக்குத் திரும்பிவிடு. அணி விளக்கம், சான்று, பொருத்திக் காட்டல் என்று பரீட்சைக்கு எழுதும் முறையிலேயே அன்றைக்கே ஒரு விடை எழுத வை. பரீட்சைத் தாளில் சான்றாகச் சினிமாப் பாட்டை எழுதிவைக்கும் பிள்ளை எப்படியும் ஒன்றிரண்டு இருக்கும். அந்த நோட்டுகளை முதலில் வாங்கித் திருத்து.