புளியங்கொட்டையால் ஒரு மதிப்பீடு

திட்டம் பயன் தந்ததா என்று வெளியார்தான் வந்து அளக்க வேண்டுமென்பதில்லை. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் இருந்தவர்கள் 2015, 2016இல் ஊர் திரும்பியபோது வீடு, கிணறு போன்ற உதவிகள் வந்தன. எது நின்று பயன் தந்தது?

நிலத்தில் கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் ஓர் உதவியைக் குறியுங்கள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. கூடப் பயன்பட்டதற்குக் கூட வைக்கட்டும். பெண்கள் வேறாக வைக்கட்டும். தண்ணீர் அள்ளுகிறவர்கள் கிணற்றைப் பார்ப்பது வேறுவிதம். பிறகு, ஏன் என்று கேளுங்கள்.

1990களில் வங்காளதேசத்தில் றிக் டேவிஸ் என்பவர், வாழ்வில் நேர்ந்த மிக முக்கிய மாற்றம் எது என்று மாதந்தோறும் கேட்பித்துக் கதைகளைத் திரட்டினார். கிணறு வெட்டியும் தண்ணீர் உவர் என்ற கதை படிவத்தில் ஏறாது, இதில் ஏறும். திகதியிட்டுக் கொப்பியில் எழுதுங்கள். ஒரு பிரதி சங்கத்தில் இருக்கட்டும்.