கதை சொல்பவர் யார்? – பெருமாள் திருமொழி காட்டும் நெறி

பாத்திரம், களம், நிகழ்ச்சிகளின் அடைவு, சொல்பவர் என்பவை ஒரு கதையின் உறுப்புகள். இவற்றுள் சொல்பவர் மாறினால், நிகழ்ச்சி மாறாதிருக்கவும் சுவை மாறிவிடும். குலசேகராழ்வார் அருளிச்செய்த பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களுள், நிறைவான நான்கு திருமொழிகளைக் கொண்டு இதனைச் சிறிது அநுபவிப்போம்.

ஏழாம் திருமொழியின் பொருள் கண்ணனுடைய பால லீலைகள். அவற்றை அருகிருந்து கண்டவள் யசோதை. ஆயினும் ஆழ்வார் பேசுவதோ தேவகியின் பாவனையில். வெண்ணெய் உண்டதையும் கயிற்றால் கட்டுண்டு அஞ்சி நின்றதையும் அவள் அறிவாள்; கண்ணாரக் கண்டிலள். ஆகவே அவள் சொல்லும் ஒவ்வொரு லீலையும் ஓர் இழவாகிறது. அவதார காலத்தில் இல்லாதொழிந்த நமக்கும் அதுவே இழவன்றோ! தேவகியின் குரலில் நம் குரலும் கலந்துவிடுகிறது.

எட்டாம் திருமொழியில் கோசலை தாலாட்டுகிறாள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை இனிச் செய்யவிருப்பவற்றை, கடலில் அணை கட்டியதும் இராவணன் முடிகளைச் சிந்தியதுமாக, நடந்து முடிந்தவைபோலப் பாடுகிறாள். கால அடைவு இங்கே மாறியது ஏன்? முடிவை அறிந்த ஆழ்வாரின் அன்பு தாயின் குரலில் புகுந்தமையால் என்று கொள்ளலாம்.

அத்தாலாட்டை அடுத்தே ஒன்பதாம் திருமொழியில் தயரதன் புலம்பல் வருகிறது. மெல்லிய படுக்கையில் உறங்கிய பிள்ளை, காட்டு மரநிழலில் கல்லின்மேல் எங்ஙனே உறங்குவான் என்று கலங்குகிறான். இராமன் மீண்டு வருவான் என்பது கேட்கும் நமக்கு ஆறுதல். அதுவரை உயிர் தரிக்கமாட்டாத தந்தைக்கு அவ்வாறுதல் இல்லை. தொட்டிலும் கல்லும் அடுத்தடுத்து நிற்பதனால் துயரம் இரட்டிக்கிறது.

பத்தாம் திருமொழியில் ஆழ்வார் தாமே பேசுகிறார். பத்துப் பாசுரங்களில் இராமாயணம் முழுவதும் அடங்குகிறது. சரிதை சென்ற காலத்தது. நாயகனோ தில்லைத் திருச்சித்திரகூடத்தில் இன்றும் நம் கண்முன்னே எழுந்தருளியிருக்கிறான். எட்டாம் பாசுரத்தில் அப்பெருமானே தன் மக்கள் வாயால் தன் கதையைக் கேட்கிறான். நாயகனையும் கேட்போனாக்கும் பெருமை இக்கதைக்கு உண்டு.

கேட்பதன் வலிமையை ஆழ்வாருடைய சரித்திரமே காட்டும். 14,000 அரக்கரை இராமன் தனியனாய் எதிர்த்தான் என்று உபந்யாசத்தில் கேட்டவுடன், துணைசெய்யத் தம் சேனையைப் புறப்படச் செய்தார் என்பது குருபரம்பரைப் பிரசித்தம். சொன்னவர் உடனே, இராமன் வென்றதையும் பிராட்டி அவனைத் தழுவிக்கொண்டதையும் சொல்லி ஆழ்வாரைத் தேற்ற வேண்டியதாயிற்று.

நம் இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது இது நினைவில் நிற்கட்டும். நேரமாயிற்று என்று பெருமானைப் போர்க்களத்தில் தனியே விட்டு நிறுத்தாதிருப்போம். பாசுரம் சேவிக்கும்போதும், பொருள் ஆராயுமுன் இது யாருடைய குரல் என்று கேட்போம்.

குலசேகராழ்வார் திருவடிகளே சரணம்.