கூரைச் சூரிய மின்சாரம்: ஒப்பமிடும் முன்

கூரையின் பரப்பை மட்டும் கண்டு சூரியத் தகடுகளின் திறனை முடிவு செய்யலாகாது. ஓராண்டு மின்கட்டணப் பட்டியல்களே நமக்கு அளவுகோல். 1 கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். மாதம் 240 யூனிட் செலவாகும் இல்லத்திற்கு 2 கிலோவாட் போதும்.

2024-இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களில் 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம் உண்டு. பதிவு பெற்ற நிறுவனமும் உள்நாட்டுத் தகடுகளும் கட்டாயம்.

நிறுவி, ஆய்வு முடிந்த பின்னரே மானியம் கணக்கில் சேரும். ஆகவே முழு விலைக்கும் முன்னரே வழி காண வேண்டும். கடன் பெற்றிருப்பின், வந்த மானியத்தை அதிலேயே செலுத்துவோம். வட்டிச் சுமை குறையும்.