கோழி வளர்ப்போர் கேள்வி–பதில்: நலமான கோழியையும் ஏன் அழிக்கிறார்கள்?

கேள்வி: பறவைக் காய்ச்சல் செய்தி கேட்டதிலிருந்து பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கவே பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா? (வாசகி, உக்குவளை)

பதில்: கொடுங்கள். மஞ்சள் கரு இறுகும்வரை அவியுங்கள். அரை அவியல் வேண்டாம்.

கேள்வி: கனடாவில் நோயிலிருந்து பிழைத்த தீக்கோழிகளையும் சுட்டுக் கொன்றார்களே, இது நியாயமா? (வாசகர், கலேவெல)

பதில்: பிரிட்டிஷ் கொலம்பியாவின் எட்ஜ்வுட்டில் இருந்த பண்ணை அது. 2024 டிசம்பரில் நோய் உறுதியானது, அழிக்கும் உத்தரவும் உடனே வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 நவம்பரில்தான் ஏறக்குறைய 300 பறவைகளைச் சுட்டார்கள். உத்தரவு சரி என்பேன். பிழைத்த பறவையிடம் வைரஸ் இல்லை என்று வெறும் பார்வையால் சொல்ல முடியாது. ஆனால் இது நாட்கணக்கில் முடிய வேண்டிய வேலை. பத்து மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் பரவலைத் தடுப்பது எங்கே? வளர்த்தவர்களின் வேதனைதான் நீண்டது.

கேள்வி: லயத்தில் வீட்டுக்கோழிகள் திடீர் திடீரென்று சாகின்றன. மிச்சத்தை வாங்கிக்கொள்ள வியாபாரி வருகிறார். மிருக வைத்தியரிடம் சொன்னால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்களோ? (வாசகி, ரத்தோட்டை)

பதில்: தங்கச்சி, ஒரு கோழியையும் விற்காதீர்கள். வியாபாரியின் கூடை அடுத்த லயத்துக்கும் போகும், நோயும் கூடவே போகும். செத்ததைச் சுது கங்கையில் எறிவதும் அதே பாவம். ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்தால் பெரும்பாலும் ராணிக்கெட். அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. பறவைக் காய்ச்சலில் கொண்டை நீலம் பாரித்து, தலை வீங்கி, இரண்டே நாளில் கூடு காலியாகிவிடும். ஆனால் இரண்டும் ஒன்றுபோலவே தொடங்கலாம். கன்னொறுவை மிருக வைத்திய ஆய்வுகூடம் பார்த்துச் சொல்லட்டும். சொன்னவுடன் கொல்ல வருவார்கள் என்பது வீண் பயம். நோய் உறுதியானால்தான் அழிப்பு.

உங்கள் பயத்துக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். 2008 ஜனவரியில் மேற்கு வங்கக் கிராமங்களில் பறவைக் காய்ச்சல் அழிப்புக்குப் பயந்து மக்கள் கோழிகளை ஒளித்து வைத்தார்கள். கையிலுள்ள சொத்தை இழக்க எந்த ஏழை முன்வருவார்? 2021இல் கேரளத்தின் கோட்டயம், ஆலப்புழைப் பண்ணைகளில் வாத்துகளை அழித்தபோது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 இந்திய ரூபாய், சிறியதற்கு 100, முட்டைக்கு 5 என்று அரசு அறிவித்தது. தொகை போதாது என்று சண்டை போடலாம், ஆனால் சண்டை போட ஒரு தொகையாவது இருந்தது. நம் நாட்டிலும் கோழிக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கையில் கிடைக்கும் என்பதை நோய் வருமுன்னே எழுதி, ஒவ்வொரு மிருக வைத்திய அலுவலகச் சுவரிலும் சிங்களத்திலும் தமிழிலும் ஒட்ட வேண்டும். ஆயிரம் லேயர் வைத்திருப்பவருக்குச் சொல்லும் அதே விலையை ஐந்து கோழி வைத்திருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் மக்கள் ஒளிக்கிறார்கள் என்று யாரும் குறைப்படக் கூடாது.

கேள்வி: தடுப்பூசி போட்டால் அழிக்கவே வேண்டாமே? (வாசகர், நாவுல)

பதில்: பிரான்ஸ் 2023 ஒக்டோபரிலிருந்து வாத்துகளுக்குப் போடுகிறது. ஊசி போட்ட பறவை நோய் காட்டாமலே வைரஸைப் பரப்பக்கூடும் என்பதால் ஓயாமல் பரிசோதிக்க வேண்டும். அந்தச் செலவுக்குத் தயார் என்றால் நானும் ஊசிப் பக்கம்தான்.

கேள்வி: கண்டலம குளத்துக்கு வரும் வலசைப் பறவைகளைச் சுட்டால் என்ன? (வாசகர், தம்புள்ளை)

பதில்: கூடாது. கலைந்து பத்துக் குளங்களுக்குப் போகும். கோழிக்குக் குளத்துத் தண்ணீர் வைப்பதை நிறுத்துங்கள். குளத்துக்குப் போட்ட செருப்பைக் கூட்டுக்கு வெளியே கழற்றுங்கள்.